வெளி மூலத்தின் தீவிரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி: தேவகோட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 62 வயதாகிறது. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் நாள்தோறும் உண்டு. கானாடுகாத்தானில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணத்தில் மொய்ப்பண ஏடு எழுதும் பொறுப்பு அவரிடம் இருந்ததால், நெடுநேரம் தரையில் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார். விருந்துச் சாப்பாடும், தண்ணீர் சரியாகக் குடிக்காததும், வெளியிடத்தில் கழிப்பறைக்குப் போவதற்கு அவருக்கு எப்போதும் இருக்கும் கூச்சமும் சேர்ந்து மலச்சிக்கலை உண்டாக்கிவிட்டன. நேற்றுக் காலை மிகவும் முக்கி மலம் கழித்த பின்னர், ஆசனவாயின் ஓரத்தில் திடீரென்று வலி தொடங்கி, கட்டி ஒன்று எழும்பியிருக்கிறது.

பலமுறை வற்புறுத்திய பிறகே என்னைப் பார்க்க அனுமதித்தார். நாவற்பழ நிறத்தில், ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், மேலே தோல் மூடிய, கெட்டியான கட்டியாகத் தெரிந்தது. தொட்டால் துடிக்கிறார். உட்கார முடியவில்லை, இரவு ஒருக்களித்துப் படுத்தும் சரியாகத் தூங்கவில்லை. காய்ச்சல் இல்லை. இரத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

மருந்துக் கடையில் விசாரித்தபோது அங்கிருந்தவர் இதை "மூன்றாம் நிலை" மூலம் என்று கூறி, அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை என்றார். எங்கள் அப்பத்தாவோ, கருணைக்கிழங்கு மசியலும் துத்திக்கீரையும் கொடுத்தால் வற்றிவிடும் என்கிறார். இணையத்தில் பார்த்தால் மூலத்திற்கு நான்கு நிலைகள் உள்ளதாகப் போட்டிருக்கிறது. அந்த நான்கில் இது எது? கட்டியின் அளவை வைத்துத் தீவிரத்தைச் சொல்ல முடியுமா, அல்லது வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா? சில நாட்கள் பொறுத்துப் பார்ப்பது ஆபத்தாகுமா? இரத்தம் வரக்கூடும் என்பதால் ஆஸ்பிரினை நிறுத்தி வைக்கலாமா? மருத்துவரிடம் காட்ட அப்பச்சி தயங்குவதால், எந்த அளவுக்கு அவசரம் என்பதைத் தெளிவாகச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க விரும்புகிறேன்.

பதில்: அறுவைச் சிகிச்சை மருத்துவர், காரைக்குடி

வணக்கம். நேரில் பார்க்காமல் எவரும் நோயை உறுதிப்படுத்த இயலாது. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வெளி மூலத்தில், அதாவது ஆசனவாயின் வெளி ஓரத்துத் தோலுக்கு அடியில் வீங்கும் மூலத்தில், இரத்தம் உறைந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். உயிருக்கு ஆபத்து என்பதனால் இதைச் சொல்லவில்லை. இத்தகைய கட்டியில் எந்தச் சிகிச்சை பயன் தரும் என்பது வலி தொடங்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. அந்தக் கால அளவு உங்கள் அப்பச்சிக்கு இன்னும் கடந்துவிடவில்லை.

முதலில் அந்த நான்கு நிலைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜான் கோலிகரின் பெயரால் வழங்கும் அந்த வகைப்பாடு, ஆசனவாய்க்கு உள்ளே உண்டாகும் உள் மூலத்திற்கு மட்டுமே உரியது. இரத்தம் கசிந்தாலும் வெளியே வராமல் இருப்பது முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே செல்வது இரண்டாம் நிலை. கையால் தள்ளினால்தான் உள்ளே செல்லும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளினாலும் செல்லாமல் வெளியிலேயே நிற்பது நான்காம் நிலை. கட்டி எவ்வளவு தூரம் கீழிறங்குகிறது என்பதை மட்டுமே அந்த வகைப்பாடு அளக்கிறது. வெளி மூலமோ தொடக்கத்திலிருந்தே வெளியில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் அப்பச்சிக்கு வந்திருப்பதை மூன்றாம் நிலை என்றோ நான்காம் நிலை என்றோ சொல்வதற்குப் பொருளே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டு அறுவைக்குப் பயப்படவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். வெளி மூலத்திற்கு அதுபோல எல்லோரும் ஏற்றுக்கொண்ட எண் வரிசை ஏதும் இல்லை.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வலியிலும் தெரியும். ஆசனவாய்க் குழாயினுள், வெளி விளிம்பிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரத்தில் பல் வரிசை போன்ற ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே உள்ள பகுதிக்கு வெட்டுவதும் சுடுவதும் அவ்வளவாக உறைக்காது. அதனால்தான் உள் மூலம் பெரும்பாலும் வலியின்றி இரத்தத்தை மட்டும் காட்டுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது நம் மேல்தோலைப் போலவே நுண்ணிய உணர்வு நரம்புகள் நிறைந்த தோல். அத்தோலின் அடியில் உள்ள சிரைகளில் இரத்தம் உறைந்து தோலை இழுத்துப் பிடிக்கும்போது, சிறிய கட்டிகூட ஒருவரை உட்கார விடாமல் செய்துவிடும்.

எனவே அளவு ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லமாட்டேன். ஆனால் அளவை முதலாவதாக வைக்கமாட்டேன். என் மேசைக்கு முன் அமரும் நோயாளியிடம் நான் முதலில் கேட்பது வலி எப்போது தொடங்கியது, இப்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான். உறைந்த வெளி மூலத்தின் வலி வழக்கமாக முதல் 48 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தைத் தொட்டு, பின்னர் சிறிது சிறிதாகத் தணியும். கட்டி வற்றுவதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போகிறது, துடிதுடிப்பாக இருக்கிறது, சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாகிறது, காய்ச்சலும் குளிரும் சேர்கின்றன என்றால், அது மூலம் அன்று, சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும் என்றுதான் கருத வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் அந்தச் சந்தேகம் எழுந்தால் ஓர் இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. அந்தப் பகுதியின் தொற்று ஆழமான திசுக்களுக்கு விரைந்து பரவி, விதைப்பைத் தோல் வரை அழுகச் செய்த நோயாளிகள் உண்டு. அது அரிது, ஆனால் அவ்வாறு ஆனவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள்.

அடுத்து, கட்டியை மூடியிருக்கும் தோலைப் பார்ப்பேன். தோல் முழுமையாக, பளபளப்பாக, நீலம் படிந்து இருந்தால் உறைவு உள்ளேயே அடங்கியிருக்கிறது. நடுவில் கறுத்துப் புண்ணாகியிருந்தால், உறைவு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் தறுவாயில் இருக்கிறது; அவ்வாறு உடையும்போது கருஞ்சிவப்பான கட்டி இரத்தம் வெளியேறி, வலி சட்டென்று குறையும். பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள், ஆனால் சுத்தமான துணியை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்குக் கசிவு கொஞ்சம் நீடிக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, வட்டம் முழுவதும் வீங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். வட்டமாக வீங்கி, நடுவில் ஈரமான செந்நிறச் சவ்வு பிதுங்கித் தெரிந்து, அது கறுக்கவும் தொடங்கினால், உள்ளிருந்து இறங்கிய மூலம் இறுக்கத்தில் சிக்கி இரத்த ஓட்டத்தை இழக்கிறது என்று பொருள். அதற்கு உடனடி மருத்துவமனைச் சேர்க்கை வேண்டும். உங்கள் அப்பச்சியின் கட்டி தோலால் மூடப்பட்டு ஒரே இடத்தில் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பது ஆறுதல் தருகிறது. அதை உள்ளே தள்ள எவரும் முயல வேண்டாம். அது உள்ளிருந்து வந்ததன்று, உள்ளே செல்லவும் செல்லாது.

இனி, காலக் கணக்கு. வலி தொடங்கிய 72 மணி நேரத்திற்குள், வலியும் கடுமையாக இருந்தால், அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து உறைவுடன் கட்டியை அகற்றிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அமெரிக்கப் பெருங்குடல், மலக்குடல் அறுவை மருத்துவர்கள் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தகுந்த நோயாளிகளுக்கு இவ்வாறு விரைந்து அகற்றுவதால் பயன் கிடைக்கலாம் என்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு 231 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தது. அதில் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சராசரியாக 4 நாட்களிலும், மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 24 நாட்களிலும் தொல்லை நீங்கியது. மீண்டும் வருவதும் அறுவைக்குப் பின் குறைவாகவே இருந்தது. கடந்த காலப் பதிவுகளைத் திருப்பிப் பார்த்த ஆய்வு என்பதால், அதையே இறுதித் தீர்ப்பாக நான் கொள்வதில்லை. கட்டியைச் சிறிதாகக் கீறி உறைவை மட்டும் பிதுக்கி எடுப்பதைவிட, மேல்தோலுடன் சேர்த்து அகற்றுவதே நல்லது. கீறிய இடம் ஒட்டிக்கொண்டு மறுபடியும் உறைவு சேர இடமுண்டு. மூன்று நாட்கள் கடந்து வலி இறங்கத் தொடங்கிவிட்டால் கத்தியை எடுக்கத் தேவையில்லை, மருந்தும் வெந்நீரும் போதும். உள் மூலத்திற்கு ரப்பர் வளையம் போடுவதைப் போல இதற்கும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வலி உணரும் தோலில் வளையத்தை இறுக்குவது பெரும் வேதனை.

ஆஸ்பிரினைத் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இதயத்தில் உறைவு ஏற்பட்டால் வரும் கேடு, இக்கட்டியில் ஏற்படக்கூடிய கசிவைவிடப் பல மடங்கு பெரியது. இத்தகைய சிறு அறுவையை ஆஸ்பிரினோடேயே செய்ய இயலும். எதையாவது மாற்ற வேண்டுமானால் அறுவை செய்பவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுப்பார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, பள்ளத்தூர்

தம்பிக்கு வணக்கம். மருத்துவர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. அறுவைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில், வீட்டில் எவ்வாறு பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு நோயின் வலியைவிடக் காட்டுவதில் உள்ள நாணமே பெரிய சுமை. அந்த நாணத்தை மதித்துத்தான் பேச வேண்டும்.

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இரு முழங்கால்களையும் வயிற்றை நோக்கி மடக்கச் சொல்லுங்கள். இடுப்புக்கு மேலும் தொடைக்குக் கீழும் வேட்டியால் மூடிவிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் விடுங்கள். கதவைச் சாத்தி, முற்றத்தில் யாரும் நடமாடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவமனையிலும் இதே நிலையில்தான் படுக்க வைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அங்கே சென்றதும் அவருக்குப் பாதிக் கூச்சம் போய்விடும். கடுமையான வலி இருக்கும்போது நல்ல மருத்துவர் விரலை உள்ளே செலுத்தியோ குழாய்க் கருவியை வைத்தோ பார்க்க மாட்டார்; வெளியே பார்த்து முடிவு செய்து, உட்பரிசோதனையை வலி தணிந்த பின்னர் வைத்துக்கொள்வார். இதையும் அப்பச்சியிடம் சொல்லுங்கள். பலர் அந்த அச்சத்தால்தான் வருவதில்லை.

வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். கட்டியைப் பிதுக்கவோ அழுத்தவோ கூடாது, பார்த்தாலே போதும். மேற்பரப்பு உலர்ந்த தோலா, ஈரமான செந்நிறச் சவ்வா? ஒரே கட்டியா, பலவா? தோலில் வெடிப்புப் போன்ற கோடு தெரிகிறதா? மலம் கழிக்கும்போது கிழிப்பதைப் போல வலித்து, பிறகு மணிக்கணக்கில் எரிச்சல் நீடித்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். அதனருகே ஒரு தோல் மடிப்பு தொங்குவதைப் பார்த்துவிட்டு மூலம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் மிகுதி. நாள்பட்டு விட்டுவிட்டுச் சீழ் கசியும் சிறு துளை தெரிந்தால் அது பௌத்திரம். மிருதுவாக, தோல் நிறத்திலேயே, வலியில்லாமல் இருக்கும் மடிப்பு பழைய மூலம் வற்றிய பிறகு எஞ்சிய தோலாக இருக்கும். கரடுமுரடாக, கெட்டியாக, விளிம்பு தடித்து, வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, மெல்லப் பெரிதாகும் கட்டியோ என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறப்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அங்கே புற்றும் வருவதுண்டு.

ஒரு சிறு தாளில் காலையும் மாலையும் எழுதி வையுங்கள்: வலியைப் பத்துக்கு எத்தனை என்கிறார், உட்கார முடிந்ததா, தூங்கினாரா, உடல் வெப்பம் எவ்வளவு, சர்க்கரை அளவு எவ்வளவு, மலம் எவ்வாறு கழிந்தது, இரத்தம் வந்ததா. சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்பதை மறவாமல் கேளுங்கள். இந்த வலியில் ஆண்களுக்கு, அதிலும் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிய வயதில், சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு. பெரியவர்கள் அதைச் சொல்லாமல் அடிவயிறு உப்பியபடி படுத்திருப்பார்கள். அப்படியானால் இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இடுப்புக் குளியலுக்கு அகன்ற பிளாஸ்டிக் தொட்டி போதும். இதமான சூட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறையும் மலம் கழித்த பின்பும், பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். உப்போ, டெட்டாலோ, மஞ்சளோ எதையும் போட வேண்டாம். வெறும் தண்ணீரே நல்லது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவருக்குக் கால்களில் உணர்வு குறைந்திருக்கலாம், சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். ஆகையால் தண்ணீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்த பின்னரே அவரை உட்கார வையுங்கள். அதன் பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

அப்பத்தா சொல்லும் கருணைக்கிழங்கு மசியலையும் துத்திக்கீரையையும் தடுக்க வேண்டாம். தலைமுறைகளாக நம் பக்கத்தில் மூலத்திற்குக் கொடுத்துவரும் உணவுகள் அவை. நார்ச்சத்துள்ள கீரையும் கிழங்கும் குடலுக்கு நல்லவை. ஆனால் இறுகிவிட்ட இரத்த உறைவை அவை கரைக்கும் என்று நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடுவதுதான் தவறு. கிழங்கு மாவுச்சத்து மிகுந்தது என்பதால் சர்க்கரைக்காரருக்குச் சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு கொடுங்கள்.

கைப்பேசியில் படம் எடுத்து இங்கே பதிவிட வேண்டாம், தம்பி. மருத்துவர் கேட்டால், அப்பச்சியின் சம்மதத்தோடு அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, பிறகு அழித்துவிடுங்கள்.

பதில்: மருந்தாளுநர், புதுவயல்

வணக்கம். மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். கவுண்டருக்கு முன் நின்று தணிந்த குரலில் "மூலத்திற்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பவரைப் பார்க்காமலேயே நிலையைச் சொல்வது எங்கள் வேலையன்று. அவ்வாறு சொல்லி உங்களை அச்சுறுத்தியது வருத்தத்திற்குரியது.

களிம்புகளில் லிக்னோகேய்ன் உள்ளது வலியை மரக்கச் செய்யும். நிஃபெடிபினுடன் லிக்னோகேய்ன் சேர்ந்த களிம்பும் உண்டு. இறுகிய ஆசனவாய்த் தசையைத் தளர்த்துவதால் உறைந்த வெளி மூலத்தில் வலி குறைய அது உதவுகிறது. ஆனால் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலைச்சுற்றல் வரக்கூடும் என்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்த பின்னரே வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. அரிப்புக்கும் வீக்கத்திற்கும் சில நாட்கள் தடவலாம். ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் அந்த இடத்துத் தோல் மெலிந்து, எளிதில் கிழியும் தோலாகிவிடும். சீழ்க்கட்டி இருக்குமோ என்ற ஐயம் உள்ள இடத்தில் அதைத் தொடவே கூடாது.

வலி மாத்திரையில் பாராசிட்டமால் முதலில் நிற்கட்டும். டிராமடால், கோடீன் வகைகள் வலியைக் குறைத்தாலும் மலத்தை இறுக்கிவிடும். இறுகிய மலமே இந்த நோயின் தொடக்கம். ஆஸ்பிரின் எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வயிற்றில் இரத்தக் கசிவும் சிறுநீரகத்திற்குச் சுமையும் வரக்கூடும். மலத்தை இளக்க இசப்கோல் உமி நல்லது. சர்க்கரை சேர்க்காத வகையைக் கேட்டு வாங்கி, ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் உள்ளேயே கெட்டிப்பட்டு மலச்சிக்கலை அதுவே கூட்டிவிடும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறார்கள். பட்டை தீட்டிய வெள்ளை அரிசியில் அதற்கு வழியில்லை. நம் சமையலில் கீரை மண்டி, வெண்டைக்காய் மண்டி, வாழைத்தண்டுப் பொரியல், அவரை, சுண்டல் எல்லாம் இருக்கின்றன. விருந்து நாட்களில்தான் அவை பந்தியில் பின்னுக்குப் போகின்றன. கவுனி அரிசியில் தவிடு நீங்காமல் இருப்பதால் நார்ச்சத்து உண்டு. ஆனால் அதைச் சர்க்கரையும் நெய்யும் இட்டு இனிப்பாகச் செய்வதே வழக்கம் என்பதால் அப்பச்சிக்கு ஏற்றதன்று. மிளகும் மிளகாயும் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் புண்ணான இடத்தில் எரிச்சலைக் கூட்டும். ஆறும் வரையில் காரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் "ஊசி இல்லை, கத்தி இல்லை, ஒரே நாளில் மூலம் போகும்" என்று ஒட்டியிருக்கும் தாள்களை நம்பி எவரிடமும் போய்விடாதீர்கள். பட்டமில்லாதவர்கள் அரிக்கும் மருந்தைக் கட்டியில் செலுத்தி, ஆசனவாயே சுருங்கிப்போய் மலம் கழிக்கத் துன்பப்படும் ஒருவருக்கு நான் இன்றும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய மூலம் சிறியது, காத்திருந்தாலே வற்றியிருக்கும். காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வெளிநோயாளியாகக் காட்டினால், அறுவைப் பிரிவில் முறையாகப் படித்தவர்கள் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்: தேவகோட்டை வாசகர்

மருத்துவர் ஐயாவுக்கும், செவிலி ஆச்சிக்கும், மருந்தாளுநர் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அப்பச்சிக்குப் படித்துக் காட்டினேன். முதல் நாள் உட்பரிசோதனை செய்யமாட்டார்கள் என்று ஆச்சி எழுதியிருந்ததைக் கேட்டதும்தான் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உறைந்த வெளி மூலம் என்று மருத்துவர் உறுதி செய்தார். வலியின் கடுமையையும், தொடங்கி இரண்டு நாள்கூட ஆகாததையும், சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்ததையும் பார்த்து, அவ்விடத்தை மரக்கச் செய்து அகற்றிவிட்டார். ஆஸ்பிரினை நிறுத்தவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம். இரவு நன்றாகத் தூங்கினார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. புண் ஆறிய பிறகு அந்த இடத்தில் தோல் மடிப்பு மிஞ்சினால் அது நோய் திரும்புவதன் அறிகுறியா? அடுத்ததாக, சில மாதங்களாக எப்போதாவது மலத்தோடு கொஞ்சம் இரத்தம் வந்ததுண்டு என்று அப்பச்சி மருத்துவமனையில்தான் முதன்முறையாகச் சொன்னார். அதுவும் இந்த மூலத்தினால்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அறுவைச் சிகிச்சை மருத்துவர், காரைக்குடி

உரிய நேரத்தில் அழைத்துச் சென்றீர்கள், மகிழ்ச்சி. புண் முழுவதும் ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். சிறிது கசிவும் மஞ்சள் நீரும் இருப்பது இயல்பே. வலி மறுபடியும் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, துணி நனையும்படி இரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

தோல் மடிப்பு மிஞ்சினால் அஞ்ச வேண்டாம். வீங்கி இழுபட்ட தோல் பழைய அளவுக்குச் சுருங்காமல் நிற்பதுதான் அது; நோயும் அன்று, நோயின் முன்னறிவிப்பும் அன்று. கழுவுவதற்கு இடைஞ்சலாக இருந்தாலோ அடிக்கடி அரித்தாலோ மட்டும் அகற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் அழுத்தமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். தோல் முழுமையாக இருக்கும் வெளி மூலத்திலிருந்து இரத்தம் வருவதில்லை. உறைவு உடைந்தால்தான் வரும். இக்கட்டியோ சில நாட்களுக்கு முன் தோன்றியது. ஆகவே மாதக்கணக்காக வந்துகொண்டிருந்த இரத்தத்திற்கு இதைக் காரணமாகக் காட்ட முடியாது. உள் மூலமாக இருக்கலாம், வெடிப்பாக இருக்கலாம். பெருங்குடலில் வேறு ஏதேனும் இருக்கவும் கூடும். மலம் கழிந்த பின் சொட்டுச் சொட்டாக விழும் செந்நிற இரத்தம் ஆசனவாய்க்கு அருகிலிருந்து வருவது. மலத்தோடு கலந்து வரும் கருஞ்சிவப்பு இரத்தம் மேலேயிருந்து வருவது. தார் போல் கறுத்து நாறும் மலம் இரைப்பை, சிறுகுடல் பகுதியில் கசிவு இருப்பதைக் காட்டுவது. ஆஸ்பிரின் எடுப்பவரிடம் கடைசியாகச் சொன்னதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறத்தை வைத்துச் சொல்லும் இந்தக் கணக்கு வழிகாட்டும் அளவுக்குத்தான் பயன்படும், 62 வயதில் அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. அமெரிக்காவில் 2021 முதல், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கே 45 வயதிலிருந்து பெருங்குடல் புற்றுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் அப்பச்சிக்கோ அறிகுறியே இருக்கிறது.

எனவே புண் ஆறியதும், ஏறத்தாழ ஆறு வாரத்தில், விரல் பரிசோதனையும், சிறு குழாயால் ஆசனவாயின் உட்புறத்தைப் பார்க்கும் புராக்டோஸ்கோப்பியும் செய்துகொண்டு, கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ, இரத்தம் அதிகமானாலோ அந்த ஆறு வாரத்திற்கும் காத்திருக்க வேண்டாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவை இந்த வாரமே பாருங்கள். ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அதை வெளி மூலத்தின் கணக்கில் எழுதவே முடியாது, காரணத்தைத் தேடியாக வேண்டும். கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்கும்போது சோறு இருக்காது என்பதால், சர்க்கரை மாத்திரையை எவ்வாறு எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் எடுப்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.

ஹீமோகுளோபின் முடிவோடு, மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முடிவையும் எடுத்துக்கொண்டு புண்ணைக் காட்ட அழைத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒரே முறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்.